கிமியா (வேதியியல்) கணக்கும் இணையக் கால்குலேட்டரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். நெருங்க நெருங்க, கோலாலம்பூர் செந்தூலில் என் டியூஷன் வகுப்பில் எல்லாக் கைப்பேசியிலும் ஏதாவது ஒரு மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) கால்குலேட்டர் திறந்திருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, விடையைச் சரிபார்க்க அது நல்ல துணை. ஆனால் படிவம் நான்கில் நாங்கள் தடுமாறிய அதே இடங்களில்தான் இந்தப் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். எண்ணை மாற்றித் தட்டுவது, சமன்பாட்டைச் சமன் செய்ய மறப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

வாயுக் கணக்கில் திரையில் வந்ததை அப்படியே எழுதுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் மார்க்கை விடுவது பாடம் புரியாத பிள்ளை இல்லை, நன்றாகப் புரிந்த பிள்ளை. 2.4 கிராம் மக்னீசியத்தைத் தேவைக்கு அதிகமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அறை நிலையில் எவ்வளவு ஹைட்ரஜன் வரும்? மக்னீசியத்தின் ஒப்பு அணு நிறை 24, ஆக 0.1 மோல். ஒரு மோல் மக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 கன டெசிமீட்டர் என்று கேள்வியிலேயே இருக்கிறது, விடை 2.4. போன மாதம் ஒரு மாணவி 2.27 என்று எழுதி வந்தாள். "டீச்சர், வெப்சைட்ல அப்படித்தான் காட்டுது."

வெப்சைட் பொய் சொல்லவில்லை. எஸ்.டி.பி. எனும் திட்ட வெப்ப, அழுத்த நிலைக்கான அழுத்தத்தை அனைத்துலக வேதியியல் அமைப்பான ஐயுபிஏசி 1982-இல் 1 அட்மாஸ்பியரிலிருந்து 100 கிலோபாஸ்கலுக்கு மாற்றியது, அதனால் 0 பாகை செல்சியஸில் ஒரு மோல் வாயுவின் கன அளவு 22.4 இல்லாமல் 22.7 ஆகிவிட்டது. நம் பழைய பள்ளிப் பாடத்தில் இருந்தது 22.4, இப்போதைய பாடத்தில் 22.7. சில கருவிகள் பழையதை எடுக்கும், சில புதியதை எடுக்கும், இன்னும் சிலவற்றில் 25 பாகை, 1 அட்மாஸ்பியர் என்று கொடுத்தால் 24.5 வரும். ஆக ஒரே மக்னீசியத் துண்டுக்கு 2.24, 2.27, 2.4, 2.45 என்று நாலு விடை! திருத்துகிறவருக்கு வேண்டியது கேள்வியில் கொடுத்த எண்ணை வைத்துச் செய்த விடை மட்டும்தான். மோல் எண்ணிக்கை வரை கருவியில் பாருங்கள், சரி, அதற்கப்புறம் 24-ஆ 22.7-ஆ என்று கேள்வியைப் பார்த்து நீங்களே பெருக்குங்கள்.

நீர்க்கச் செய்யும் கால்குலேட்டரில் டைட்ரேஷன் போடுவது

அது தண்ணீர் சேர்க்கும் கணக்குக்கு மட்டும். ஒரு மோல் சல்பூரிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும், அந்த இரண்டைப் போட அங்கே இடமே கிடையாது. இரண்டும் 0.1 மோலார் (ஒரு கன டெசிமீட்டருக்கு 0.1 மோல்) என்றால், 25 கன சென்டிமீட்டர் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு அமிலம் 12.5 போதும். கருவி 25 என்று சொல்லும்.

படிகத்தின் தண்ணீரை விட்டுவிடுவது

நீலக் காப்பர் சல்பேட் படிகத்தில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, அதன் ஒப்பு வாய்பாட்டு நிறை 250, 160 இல்லை.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து

C-க்குப் பிறகு சின்ன ஓ (Co) போட்டால் கோபால்ட், 59. பெரிய ஓ (CO) போட்டால் கார்பன் மோனாக்சைடு, 28.

காப்பருக்கு 63.546

வேண்டாம். கேள்வியில் ஒப்பு அணு நிறை 64 என்றால் 64.

விடையை முதலில் பார்ப்பது

தாளில் முழுசாகச் செய்து முடித்துவிட்டு அப்புறம் தட்டுங்கள். தேர்வு மண்டபத்தில் கையில் இருக்கப்போவது சைன்டிபிக் கால்குலேட்டர்தான், அது மோல் விகிதம் சொல்லித் தராது. இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் உடனே அழிக்காதீர்கள். எந்த வரியில், எந்த எண்ணில் பிரிந்தது என்று கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்விக்குப் போங்கள்.