ஏஇடி கருவி: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

திருகோணமலை கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஒருவர் சட்டெனச் சரிந்து விழுகிறார் என்று வையுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்போம், அப்புறம் ஓட்டோ தேடுவோம். இதயம் நின்றவருக்கு இரண்டுமே வீண் நேரம். மார்பை அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஒருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும், இன்னொருவர் ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி (ஷொக்) கொடுக்கும் கருவி, எடுக்க ஓடட்டும், நீங்கள் அவர் விழுந்த இடத்திலேயே மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, “மூச்சு இருக்குது, பொறுங்கோ” என்ற சொல். கரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து, விட்டுவிட்டு இழுப்பது மூச்சே அல்ல. தட்டிக் கூப்பிட்டும் அசையாதவர் இப்படி இழுத்தால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மார்பு. கோயிலுக்கு மேற்சட்டையில்லாமல் வந்தவர் என்றால் வியர்வையும் சந்தனமும் இருக்கும். உப்புவெளிக் கடலில் குளித்து ஏறியவர் என்றால் உப்புத் தண்ணீரும் மணலும். அதன்மேல் ஏஇடியின் ஒட்டும் தகடு சரியாக ஒட்டாது. மின்சாரமும் இதயத்துக்குப் போகாமல் ஈரத்தோடு தோலின் மேலால் ஓடிவிடும். துவாயால் அழுத்தித் துடையுங்கள். அலை தொடும் இடத்தில் கிடந்தால் காய்ந்த மணலுக்கு இழுங்கள். தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம், தகட்டில் படாமல் ஒதுக்கினால் போதும். பெண் என்று தயங்கி உடுப்பின் மேல் ஒட்டுவது பெரும் தவறு; தகடு வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். நாலு பேர் சேலையைப் பிடித்து மறைத்து நிற்கலாமே.

ஒரு தகடு வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். தகட்டிலேயே படம் இருக்கும். கருவியின் குரல் புரியாவிட்டாலும் படம் புரியும்.

“ஷொக் கொடுத்து ஆளைக் கொன்றுவிடுவேனோ?” என்று பயப்படாதீர்கள். துடிப்பைக் கருவியே பார்க்கும், தேவையில்லாவிட்டால் ஷொக் கொடுக்காது. அது பார்க்கும்போதும் ஷொக் கொடுக்கும்போதும் யாரும் அவரைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் “ஷொக் தேவையில்லை” என்று அது சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்று கையை எடுத்துவிடாதீர்கள். ஷொக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உடனே மறுபடி அழுத்துங்கள்: 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை கருவி மறுபடி பார்க்கும். கை சோர்ந்தால் ஆள் மாறுங்கள்.

அவர் கண் விழித்து மூச்சு விட்டாலும் தகடுகளைக் கழற்றாதீர்கள், கருவியை நிறுத்தாதீர்கள். இதயம் மறுபடி நிற்கலாம். அம்புலன்ஸில் வருபவர்கள் பொறுப்பெடுக்கும் வரை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.