பிசிஆர் பெட்டியைப் பயன்படுத்தும் முறை

டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனையில், குழாயில் உள்ள ஒரே ஒரு டி.என்.ஏ. மூலக்கூறு 30 சுழற்சிகளில், கணக்கின்படி, நூறு கோடிக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகுகிறது. அந்தக் குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் நுண்துளி அடுத்த நாள் சோதனையில் கலந்துவிட்டால், நோயில்லாதவருக்கும் நோய் இருப்பதாக முடிவு வரும். பிசிஆர் பெட்டி இதைத் தடுப்பதற்கானது. ஆனால் அதைப் பெருக்கிய குழாய்களைத் திறக்கும் அறையிலேயே வைத்தால் வாங்கிய பணம் வீண். மாஸ்டர் மிக்ஸ் (மாதிரி டி.என்.ஏ. தவிர, சோதனைக்கு வேண்டிய மற்றவற்றைக் கலந்த கலவை) தயாரிப்பதற்கென ஒதுக்கிய தனி அறையில், கதவுக்கும் ஏசி காற்றுக்கும் விலகி அது இருக்க வேண்டும்.

காற்றோட்டமே இல்லாத, புற ஊதா விளக்கு மட்டும் பொருத்திய பெட்டி ஒரு வகை; ஹெப்பா வடிகட்டி வழியாகத் தூய காற்றை மேலிருந்து இறக்குவது இன்னொரு வகை. இரண்டுமே வேலை செய்பவரைக் காப்பதில்லை. எனவே சளி, இரத்தம் போன்ற தொற்றுள்ள மாதிரிகளை வேலை செய்பவரையும் காக்கும் இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புப் பெட்டியில்தான் கையாள வேண்டும்.

வேலை தொடங்குமுன், அன்றன்று கலந்த, சுமார் 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்ட பிளீச் கரைசலால் தளத்தையும் பக்கச் சுவர்களையும் துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பிறகு தூய நீராலும் 70 சதவீத எத்தனாலாலும் துடையுங்கள். நீரால் துடைக்காவிட்டால் எஃகுத் தளம் அரிக்கும். எத்தனால் மட்டும் போதும் என்று பல கூடங்களில் நினைக்கிறார்கள். அது கிருமியைக் கொல்லுமே தவிர டி.என்.ஏ.வைச் சிதைக்காது. குவானிடின் என்ற வேதிப்பொருள் உள்ள, மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கரைசல் சிந்திய இடத்தில் மட்டும் பிளீச்சை ஊற்றக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

அடுத்து, பெட்டியின் கதவை மூடி, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கை 15 முதல் 30 நிமிடம் எரியவிடுங்கள். இந்த விளக்கை அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பது என் கருத்து. ஒளி நேரே படாத இடத்தில் அதனால் பயனில்லை. படுக்க வைத்த பிப்பெட்டின் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) அடிப்பக்கமும், அதன் முனையில் மாட்டும் டிப்களின் பெட்டியின் பின்புறமும் நிழலிலேயே கிடக்கும். அவற்றைப் பாதி நேரத்தில் திருப்பி வைக்க வேண்டும். உலர்ந்து ஒட்டிய டி.என்.ஏ.வும் குட்டையான துண்டுகளும் இந்த ஒளியை எளிதில் தாங்கிவிடும். விளக்கு நீலமாக எரிவதால் அதன் வீரியம் குறையவில்லை என்றாகாது. உற்பத்தியாளர் சொல்லும் மணிக்கணக்கு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டை டி.என்.ஏ. துண்டு), நொதிக் குழாய்களை அந்த நேரத்தில் உள்ளே வைக்காதீர்கள்.

பிப்பெட், ஃபில்டர் டிப், குழாய்த் தாங்கி, எழுதும் மார்க்கர் வரை எல்லாம் பெட்டிக்கே உரியவையாக இருக்கட்டும். குழாயைத் திறக்குமுன் மையவிலக்குக் கருவியில் சில நொடி சுழற்றி, மூடியின் உட்புறம் ஒட்டிய துளியை அடியில் இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் திறந்து, உடனே மூடுங்கள். மாதிரி டி.என்.ஏ.வை இங்கே சேர்க்காமல் அடுத்த அறையில் சேர்ப்பதும், நேர்மறைக் கட்டுப்பாட்டை (தேடும் டி.என்.ஏ. இருப்பது உறுதியான ஒப்பீட்டு மாதிரி) கடைசியில் சேர்ப்பதும் நல்லது. அந்த அறைக்குப் போனவர் அங்கி, கையுறையை மாற்றாமல் இங்கே திரும்பக் கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் மாதிரி சேர்க்காத ஒரு குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் டி.என்.ஏ. பெருகியதற்கான சமிக்ஞை வந்தால் அந்த ஓட்டத்தின் முடிவுகளை வெளியிடாமல் நிறுத்திவிட்டு, பயன்பாட்டில் இருந்த, சிறு பங்குகளாகப் பிரித்து வைத்த கரைசல்கள் அனைத்தையும் கழித்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, புதிய பங்குகளால் மீண்டும் சோதியுங்கள். எந்தக் குழாய் கெட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் குறைவு.