ஜனாதிபதியை பதவியால இறக்கிறது எப்பிடி? 38ஆம் உறுப்புரையை படிப்படியா பாப்பம்

கொழும்பில அரசியல் கொதிக்கிற நேரமெல்லாம் "குற்றப்பிரேரணை வருதாம்", அதாவது குற்றம் சாட்டி ஜனாதிபதியைப் பதவியால இறக்கிற பிரேரணை வருதாம் எண்டு ஒரு கதை கிளம்பும், பேஸ்புக்கில எல்லாரும் ஷேர் பண்ணுவினம், ரெண்டு கிழமையில அடங்கிப் போயிடும், பிறகு அந்தப் பேப்பருக்கு என்ன நடந்தது எண்டு ஆரும் கேக்கிறேல்லை. அதைத்தான் கேக்க வேணும் எண்டுறதுக்காக இதை எழுதுறன். இலங்கையில 1978 அரசியலமைப்பு வந்த நாள் தொடக்கம் இண்டு வரைக்கும் ஒரு ஜனாதிபதியும் இந்த வழியால பதவி இழக்கேல்லை. வழி இல்லாததால இல்லை, வழி இருக்கு, ஆனா எந்த இடத்தில எது உடையும் எண்டு தெரியாமத் தான் உள்ள இறங்குகினம், நாங்களும் அது தெரியாமத் தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

முதல்ல பேரைச் சரியாப் பிடியுங்கோ, ஏனெண்டா மூண்டு விதமான பிரேரணையை சனம் ஒண்டாப் போட்டுக் குழப்புது. நம்பிக்கையில்லாப் பிரேரணை எண்டது பிரதமருக்கும் அமைச்சரவைக்கும் எதிரானது, அது வெண்டா அமைச்சரவை கலையும், ஜனாதிபதி அசையமாட்டார். அதிருப்திப் பிரேரணை எண்டு ஒண்டு 2022இல வந்தது ஞாபகம் இருக்கும், அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவுக்கு எதிரா. மே 17ஆந் திகதி நிலையியற் கட்டளையை (சபையின்ர நடைமுறை விதியளை) இடைநிறுத்திப்போட்டு உடனையே விவாதிப்பம் எண்டு சுமந்திரன் எம்.பி. கேட்டவர், ஆதரவா 68, எதிரா 119, அதோட விழுந்தது. அது வெண்டிருந்தாலும் சட்டப்படி அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க ஏலாது, மனவருத்தத்தைப் பதிவு செய்யிறதோட சரி. பதவியால இறக்கிற பலம் இருக்கிறது அரசியலமைப்பின்ர 38(2)ஆம் உறுப்புரைக்கு மட்டும் தான். அதால "பிரேரணை வருது" எண்டு நியூஸ் பாத்த உடனை முதல் கேள்வி, எந்த உறுப்புரைக்குக் கீழ?

சரி, 38(2) தான் எண்டா, அடுத்ததாப் பாக்க வேண்டியது குற்றச்சாட்டு. "இவர் நாட்டை நாசமாக்கிப்போட்டார்" எண்டு எழுதிக் குடுத்தா அது பிரேரணை இல்லை. உறுப்புரை சொல்லுற வகை இவ்வளவு தான்: உடலாலயோ மனதாலயோ நிரந்தரமா இயலாமப் போனது ஒண்டு, மற்றப் பக்கம் வேணுமெண்டே அரசியலமைப்பை மீறினது, தேசத்துரோகம், லஞ்சம், பதவியின்ர அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்து நடந்த முறைகேடு அல்லது ஊழல், பிறகு ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட ஏதாவது குற்றம். இதில ஒண்டுக்குள்ள உங்கட விசயத்தைக் கொண்டு வந்து வைக்க வேணும், முழு விபரத்தோட. என்ன திகதி, எந்த உத்தரவு, எந்த வர்த்தமானி, எந்த உறுப்புரை மீறப்பட்டது, எல்லாம். "வேணுமெண்டே" எண்ட சொல்லைக் கவனியுங்கோ, பிழையா விளங்கிக்கொண்டு செய்திட்டன் எண்டு ஒரு ஜனாதிபதி சொல்ல இடம் இருக்கு, அதால சட்டமா அதிபரோ அதிகாரிகளோ முன்கூட்டியே எச்சரிச்ச கடிதம் இருந்தா அது தங்கம் மாதிரி. அதிகாரத் துஷ்பிரயோகம் எண்ட வகைக்குள்ள போறவை முடிவு பிழை எண்டு காட்டினாப் போதாது, அந்தப் பதவியின்ர பலத்தை எடுத்து எதுக்குப் பாவிச்சார் எண்டு காட்ட வேணும். இந்த வேலை சட்டத்தரணிகள் ரெண்டு மூண்டு மாதம் இருந்து செய்யிற வேலை, கோபத்தில ஒரு இரவில எழுதிற வேலை இல்லை. பின்னுக்கு உயர் நீதிமன்றம் விசாரிக்கப் போறது இந்தப் பேப்பரில இருக்கிறதை மட்டும் தான், புதுசா ஒண்டையும் சேர்க்க ஏலாது எண்டு நினைச்சு எழுதுங்கோ. (தமிழ்நாட்டு ஆக்களுக்கு, நீங்கள் உச்ச நீதிமன்றம் எண்டு சொல்லுறதைத் தான் இஞ்ச உயர் நீதிமன்றம் எண்டுறது.)

அடுத்தது கையெழுத்து. இங்க தான் எல்லாம் உடையுது, அதால கொஞ்சம் நிண்டு பாப்பம்.

பாராளுமன்றத்தில 225 பேர். மூண்டில ரெண்டு பங்கு, அதாவது 150 பேர் கையெழுத்து வச்சா சபாநாயகர் அதை ஏற்கலாம். அவ்வளவு இல்லாமப் பாதி, அதாவது 113 பேர் வச்சாலும் ஏற்கலாம், ஆனா அப்ப சபாநாயகருக்கே "இது உயர் நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய விசயம் தான்" எண்டு திருப்தி வரவேணும். 113க்கும் 149க்கும் இடையில நிக்கிற ஒரு பிரேரணையின்ர உயிர் ஒரு மனுசன்ர கையில. அந்த மனுசன் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரன்.

1991 ஓகஸ்ட் கடைசியில நடந்தது இது தான். அப்பத்தைய ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிரா அவற்ர சொந்தக் கட்சிக்காரரே, லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் முன்னுக்கு நிண்டு, எதிர்க்கட்சியையும் சேத்துக்கொண்டு ரகசியமாக் கையெழுத்து வாங்கி சபாநாயகர் எம்.எச். முகம்மதுவிட்ட குடுத்தவை. அப்ப யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, நாங்கள் சைக்கிளைத் திருப்பி வச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம், நான் பெடல் சுத்த அப்பா காதை ரேடியோவில வச்சுக்கொண்டு "சபாநாயகர் ஏற்றுக்கொண்டாராம்" எண்டு சொன்னது இன்னும் நினைவிருக்கு. முதல்ல ஏற்றுக்கொண்டதா அறிவிச்ச அதே சபாநாயகர் ஒக்டோபரில, செல்லுபடியான கையெழுத்து காணாது எண்டு அதைத் தள்ளிவிட்டார். இடையில என்ன நடந்தது? ஜனாதிபதி ஒரு சில நாளுக்குள்ளயே கூட்டத்தொடரை முடிச்சு வச்சு நேரம் எடுத்தார், அந்த நேரத்துக்குள்ள கையெழுத்து வச்சவையில சிலர் மறுத்தவை, சிலர் வாபஸ் வாங்கினவை. முன்னுக்கு நிண்டவையைக் கட்சி வெளியால போட்டது, அவையின்ர எம்.பி. பதவியும் போச்சு.

அந்தப் பயம் இண்டைக்கும் சட்டத்திலயே இருக்கு. 99(13)ஆம் உறுப்புரைப்படி கட்சி ஒரு எம்.பி.யை நீக்கினா ஒரு மாதத்தில ஆசனம் காலி, அதுக்குள்ள அவர் உயர் நீதிமன்றம் போய் நீக்கினது செல்லாது எண்டு தீர்ப்பு எடுத்தாத்தான் தப்பலாம். அதால ஆளுங்கட்சிக்குள்ள இருந்து கையெழுத்து வைக்கிற ஒவ்வொருத்தரும் தன்ர வேலையையே வச்சுத்தான் சூதாடுறார். ஆரும் இதை நடத்தப் போறவை எண்டா நான் சொல்லுறது: ஒவ்வொரு கையெழுத்தையும் குற்றச்சாட்டு முழுசா அச்சடிச்ச பிரதியில வாங்குங்கோ, தனித்தாளில வாங்காதேங்கோ, திகதி போடுங்கோ, சாட்சியா ஒரு சட்டத்தரணியை வச்சிருங்கோ, 150ஐ எட்டாம சபாநாயகற்ர வாசல்ல போய் நிக்காதேங்கோ. 113 போதும் தானே எண்டு அவசரப்பட்டா 1991 திரும்ப வரும். ரெண்டு கிழமை பொறுத்துப் பத்துப் பேரைக் கூடச் சேர்க்கிறது எவ்வளவோ மேல், ஏனெண்டா பத்துப் பேர் கழண்டாலும் எண்ணிக்கை நிக்க வேணும்.

செய்தி பாக்கிற நாங்கள் செய்ய வேண்டியது கணக்குப் பாக்கிறது. 2024 நவம்பர் தேர்தலில தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம். மிச்ச எல்லாரும் ஒண்டாச் சேந்தாலும் 66. 113க்கே கிட்ட வராது. அதால இந்தப் பாராளுமன்றத்தில ஆராவது ஒரு எதிர்க்கட்சிக்காரர் மைக் முன்னால நிண்டு குற்றப்பிரேரணை கொண்டு வருவம் எண்டு சொன்னா, ஆளுங்கட்சியில எத்தினை பேர் உங்களோட எண்டு நேரா கேளுங்கோ. இது எந்தக் கட்சிக்கு ஆதரவாவும் சொல்லுறது இல்லை, நாளைக்கு ஆசனம் மாறினா அதே கேள்வி மற்றப் பக்கத்துக்கும்.

கூட்டத்தொடரை முடிக்கிறதைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும். 1991இல இருந்த 70ஆம் உறுப்புரைப்படி சபாநாயகர் பிரேரணையை ஏற்ற பிறகு ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்க ஏலாது, அது நல்ல காவல். ஆனா கூட்டத்தொடரை முடிச்சு வைக்கலாம், ரெண்டு மாதம் வரைக்கும். பிரேரணை அதால செத்துப் போகாது, அடுத்த தொடரில தொடரலாம், ஆனா ரெண்டு மாதம் எண்டது ஒரு எம்.பி.யை வாங்கவோ வெருட்டவோ கன காலம். 70ஆம் உறுப்புரையை 2015இலயும் 2020இலயும் மாத்தினவை, அதால பழைய புத்தகத்தை வச்சுக் கதைக்காம, கடைசித் திருத்தம் வரைக்கும் சேத்த பிரதியைப் பாராளுமன்ற வெப்சைட்டில எடுத்து வாசியுங்கோ, தமிழிலயும் இருக்கு.

சபாநாயகர் ஏற்று ஒழுங்குப் பத்திரத்தில போட்டாப் பிறகு முதல் வாக்கெடுப்பு. வராதவையையும் சேத்து மொத்தத்தில மூண்டில ரெண்டு, அதாவது ஆதரவா 150 பேர் கை தூக்க வேணும். அண்டைக்கு லீவு எடுத்து வீட்டில இருக்கிற எம்.பி. ஜனாதிபதிக்கு வாக்குப் போட்டதுக்குச் சமன், அதால உங்கட ஊர் எம்.பி. "நான் எதிரா வாக்களிக்கேல்லை" எண்டு சொல்லித் தப்ப விடாதேங்கோ, ஹன்சாட்டை (பாராளுமன்றப் பேச்சுப் பதிவை) எடுத்துப் பாருங்கோ, பேர் இருக்கும்.

இந்த வாக்கெடுப்பு வெண்டாலும் ஜனாதிபதி போகமாட்டார். குற்றச்சாட்டு உயர் நீதிமன்றத்துக்குத் தான் போகும். குறைஞ்சது ஐந்து நீதியரசர்கள், 129ஆம் உறுப்புரைப்படி ரெண்டு மாதத்துக்குள்ள தங்கட முடிவைக் காரணத்தோட சபாநாயகருக்கு அனுப்ப வேணும், ஜனாதிபதி நேரயோ சட்டத்தரணி மூலமோ வந்து தன்ர பக்கத்தைச் சொல்லலாம். குற்றம் இல்லை எண்டு கோர்ட் சொன்னா கதை முடிஞ்சுது. குற்றம் எண்டு சொன்னாத்தான் பாராளுமன்றம் ரெண்டாந் தரம் வாக்கெடுக்கலாம், அதுவும் 150. "எடுக்கலாம்" எண்டு தான் இருக்கு, கட்டாயம் எண்டு இல்லை, அதால கோர்ட்டே குற்றம் எண்டு சொன்ன பிறகும் ஒரு ஜனாதிபதி கதிரையில இருக்கிறதுக்கு இடம் இருக்கு.

இவ்வளவு நாளும் அவர் முழு அதிகாரத்தோட தான் இருப்பார். இடைநிறுத்தம் எண்ட சொல்லே 38இல இல்லை. தென் கொரியாவில அப்பிடி இல்லை, 2024 டிசம்பர் 14ஆந் திகதி யூன் சுக் யோலுக்கு எதிரா 204 வாக்கு விழுந்த உடனையே அவற்ர அதிகாரம் நிண்டு போச்சு, பிரதமர் பொறுப்பெடுத்தார், 2025 ஏப்ரல் 4ஆந் திகதி அரசியலமைப்பு நீதிமன்றத்தின்ர எட்டு நீதிபதியும் ஒரே குரலில நீக்கினவை. இஞ்ச விசாரிக்கப்படுற ஆளே படைக்குத் தளபதியாவும், அமைச்சுப் பதவி குடுக்கிறவராவும் அந்த ரெண்டு மாதமும் இருப்பார். எனக்கு 38இல உள்ள பெரிய ஓட்டை இது தான், இதைத் திருத்தாம எண்ணிக்கையை மட்டும் குறைக்கிறதில பிரயோசனம் இல்லை.

இன்னொண்டும் மனசை உறுத்துது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்காவை நீக்க 2012 நவம்பரில 117 பேர் கையெழுத்து வச்சவை, 2013 ஜனவரி 11ஆந் திகதி 155க்கு 49 எண்டு வாக்களிச்சவை, ரெண்டு நாளில ஜனாதிபதி கையெழுத்து, அவ வீட்டுக்குப் போயிட்டா. அவவை விசாரிச்ச பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை எண்டு நீதிமன்றம் சொன்னதையும் கேக்கேல்லை. நீதிபதியை இறக்க 107ஆம் உறுப்புரையில மூண்டில ஒரு பங்கு கையெழுத்தும் 113 வாக்கும் போதும், கோர்ட் விசாரணை கட்டாயமில்லை. நிறைவேற்று அதிகாரத்தைத் தட்டிக் கேக்கிற நீதிபதியை இறக்க ரெண்டரை மாதமும் காணும், அந்த அதிகாரத்தை வச்சிருக்கிறவரை இறக்க ரெண்டு தரம் 150ம், இடையில அந்த நீதிபதிகளே இருக்கிற கோர்ட்டும் வேணும்.

ஜனாதிபதியை இறக்கிற பிரேரணை வெண்டா என்ன நடக்கும்? பிரதமர் பதில் ஜனாதிபதி, ஒரு மாதத்துக்குள்ள பாராளுமன்றம் ரகசிய வாக்கெடுப்பில மிச்சக் காலத்துக்கு ஒருத்தரைத் தெரிவு செய்யும். கோட்டாபய 2022 யூலையில சிங்கப்பூரில இருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பின பிறகு 20ஆந் திகதி ரணிலை 134 வாக்கில தெரிவு செய்தது அந்த முறைப்படி தான். ஆரை இறக்கிறம் எண்டதோட ஆர் வருவார் எண்டதையும் முன்னமே யோசிச்சு வையுங்கோ, அந்த வாக்கும் அதே 225 பேரின்ர கையில தான்.

எண்ணிக்கை இல்லாத நேரம், அதாவது அநேகமா எப்பவும், கையில இருக்கிற வழி 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறல் மனு. இதுக்கு ஒரு எம்.பி.யும் தேவையில்லை. ஜனாதிபதி பதவியில இருக்கேக்க அவரை நேரடியாப் போட ஏலாது, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாப் போட்டு அவர் ஜனாதிபதியாச் செய்த செயலைக் கேள்வி கேக்கலாம். 2018இல மைத்திரிபால பாராளுமன்றத்தைக் கலைச்ச நேரம் ஆரும் 38ஐத் தொடேல்லை, மனு தான் போட்டவை, டிசம்பர் 13ஆந் திகதி ஏழு நீதியரசரும் ஒருமனதா அது அரசியலமைப்புக்கு முரண் எண்டு தீர்ப்புச் சொன்னவை. பதவி போன பிறகும் வழி இருக்கு, ஈஸ்டர் தாக்குதல் வழக்கில 2023 ஜனவரியில அதே மைத்திரிபாலவை 10 கோடி ரூபா கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம், அந்த வருசம் நவம்பரில பொருளாதார நெருக்கடிக்குக் கோட்டாபய உட்பட சிலர் பொதுமக்களின்ர நம்பிக்கையை மீறினவை எண்டும் சொன்னது.

ஆனா 126க்கு ஒரு மாதக் கெடு. அந்த உத்தரவு வந்த நாளில இருந்து ஒரு மாதம். அதால வர்த்தமானி வந்த அண்டைக்கே பிரதியை டவுன்லோட் பண்ணி வையுங்கோ, திகதியைக் குறியுங்கோ, அதால உங்களுக்கு என்ன பாதிப்பு எண்டு ஒரு பக்கம் எழுதி வையுங்கோ, அந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பாருங்கோ.