நேர்கோட்டுச் சமன்பாட்டைப் புரிந்துகொண்டு வரைவது எப்படி?

ஒய் = 2எக்ஸ் − 3 போன்ற சமன்பாட்டைக் கண்டதும் அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, அளவுகோலை வைத்துக் கோடு இழுத்துவிடப் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் இழுத்த கோடு சமன்பாட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால் பலரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை முதலில் போக்கிக்கொண்டால் பின்னர் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

சமன்பாடு என்பது ஒரு நிபந்தனை. மேலே உள்ள சமன்பாடு, ஒரு புள்ளியின் எக்ஸ் ஆயத்தொலைவை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் அதன் ஒய் ஆயத்தொலைவு கிடைக்க வேண்டும் என்று விதிக்கிறது. (4, 5) என்ற புள்ளியை எடுத்துக்கொண்டால் 2 × 4 − 3 = 5 என்று நிபந்தனை நிறைவேறுகிறது; ஆகவே அது கோட்டின் மீது அமைகிறது. (4, 6) அதை நிறைவேற்றாததால் கோட்டுக்கு மேலே விலகி நிற்கிறது. இவ்வாறு நிபந்தனைக்கு உட்படும் புள்ளிகள் யாவும் சேர்ந்ததே கோடு. உட்படாத புள்ளி எதுவும் அதில் இல்லை, உட்படும் புள்ளி எதுவும் அதற்கு வெளியே இல்லை. எண்களின் உறவை வடிவமாகக் காணும் இந்த வழியை 1637-இல் வெளிவந்த தமது வடிவியல் நூலில் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட். நாம் புள்ளிகளைக் குறிக்கும் தளத்துக்குக் கார்ட்டீசியன் தளம் என்ற பெயர் அவரைக் கொண்டே வந்தது.

இந்தப் புள்ளிகள் வளையாமல் நேராக அமைவதற்குக் காரணம் உண்டு. எக்ஸ் ஒன்று கூடும்போதெல்லாம் ஒய் சரியாக இரண்டு கூடுகிறது. 0-இலிருந்து 1-க்குச் சென்றாலும் 100-இலிருந்து 101-க்குச் சென்றாலும் இந்த ஏற்றம் மாறுவதே இல்லை. மாறாத இந்த ஏற்றத்தைத்தான், அதாவது ஒய் மாறிய அளவை எக்ஸ் மாறிய அளவால் வகுத்துக் கிடைப்பதைத்தான், சாய்வு என்கிறோம். எக்ஸ் இரண்டாம் அடுக்கில் வந்தாலோ, எக்ஸும் ஒய்யும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டிருந்தாலோ ஏற்றம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் பொதுவாக நேர்கோடு கிடைக்காது.

இனி வரையும் முறைக்கு வருவோம். எக்ஸுக்கு −1, 0, 4 என்ற மதிப்புகளைக் கொடுத்தால் ஒய்க்கு முறையே −5, −3, 5 கிடைக்கின்றன. கோட்டை வரைய இரண்டு புள்ளிகளே போதும். மூன்றாவது, கணக்குச் சரிதானா என்று பார்ப்பதற்காக. மூன்றும் ஒரே கோட்டில் அமையாவிட்டால் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது என்று பொருள், அதைக் கண்டறியாமல் கோடு இழுக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதும் முக்கியம். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைக் கொண்டு கோட்டை நீட்டினால், பென்சில் முனையளவு பிசகுகூடத் தாளின் ஓரத்தை எட்டும்போது பெரிதாகிவிடும். கோட்டைக் கடைசிப் புள்ளியோடு நிறுத்திவிடாமல் இருபுறமும் நீட்டி அம்புக்குறி இட வேண்டும்.

அட்டவணை இல்லாமலும் வரையலாம். சமன்பாடு, ஒய் = சாய்வு × எக்ஸ் + வெட்டுத்துண்டு என்ற வடிவில் இருந்தால், வெட்டுத்துண்டு என்பது கோடு ஒய் அச்சைச் சந்திக்கும் இடம். ஒய் = −(2/3)எக்ஸ் + 4 என்பதற்கு (0, 4)-இல் தொடங்கி, வலப்பக்கம் மூன்று அலகு நகர்ந்து, இரண்டு அலகு இறங்கினால் (3, 2)-ஐ அடைவோம்; அதே நடையை மீண்டும் நடந்தால் (6, 0). அட்டவணைதான் வேண்டும் என்பவர்கள் இத்தகைய சமன்பாட்டில் எக்ஸுக்கு 3-இன் மடங்குகளையே கொடுத்தால் பின்னங்களோடு போராட நேராது.

3எக்ஸ் + 4ஒய் = 12 என்ற வடிவில் கொடுத்திருந்தால் அச்சுகளைச் சந்திக்கும் புள்ளிகளே எளிய வழி. ஒய்யை 0 ஆக்கினால் (4, 0). எக்ஸை 0 ஆக்கினால் (0, 3). சரிபார்க்க (−4, 6)-ஐக் குறித்துக்கொள்ளலாம். 3எக்ஸ் − 2ஒய் = 0 போன்ற சமன்பாட்டில் இந்த வழி பயன் தராது, ஏனென்றால் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்வதால் இரண்டு முறையும் (0, 0) மட்டுமே கிடைக்கும். அங்கே (2, 3) போன்ற வேறொரு புள்ளியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

எக்ஸ் = 3, ஒய் = −2 என்பவை எளிமையாகத் தோன்றினாலும் மாணவர்கள் அதிகம் குழம்புவது இவற்றில்தான். எக்ஸ் = 3 என்பது எக்ஸ் அச்சுக்கு இணையான கோடு என்று எண்ணிவிடுகிறார்கள். நிபந்தனையை மட்டும் கேட்டுப் பாருங்கள்: எக்ஸ் மூன்றாக இருக்க வேண்டும், ஒய் எதுவாகவும் இருக்கலாம். (3, −1), (3, 0), (3, 5) ஆகியவற்றைக் குறித்தால் செங்குத்துக் கோடு தானே தெரியும். வலப்பக்க நகர்வே இல்லாததால் சாய்வைக் காணப் பூச்சியத்தால் வகுக்க வேண்டியிருக்கும்; ஆகவே இதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஒய் = −2 கிடைக்கோடு, அதன் சாய்வு 0.

வரைந்த கோட்டிலிருந்து சமன்பாட்டை எழுதவும் பழக வேண்டும். புரிதலைச் சோதிக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. (1, 1), (4, 7) வழியே ஒரு கோடு செல்கிறது என்றால் ஒய் 6 கூட, எக்ஸ் 3 கூடியிருக்கிறது, சாய்வு 2. எக்ஸ் 1-லிருந்து 0-க்கு ஓரலகு பின்வாங்கினால் ஒய் இரண்டு குறைந்து −1 ஆகும், அதுவே வெட்டுத்துண்டு. ஆகச் சமன்பாடு ஒய் = 2எக்ஸ் − 1; நான்கைப் பிரதியிட்டால் ஏழு வருகிறது.

இவ்வாறு படிக்கும்போது அளவுத்திட்டத்தை மறந்துவிடக் கூடாது. எக்ஸ் அச்சில் ஒரு கட்டம் 1 அலகாகவும் ஒய் அச்சில் ஒரு கட்டம் 5 அலகாகவும் இருந்தால், ஒரு கட்டம் வலப்பக்கம் சென்று ஒரு கட்டம் ஏறும் கோட்டின் சாய்வு 5. கண்ணுக்கு அது சாய்வு 1 உள்ள கோடு போலவே தெரியும். எனவே கட்டங்களை எண்ணாமல், அச்சில் எழுதியுள்ள எண்களைக் கொண்டே கணக்கிட வேண்டும். சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆக உள்ள இரு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்றாலும், இரு அச்சுகளின் அளவுத்திட்டமும் ஒன்றாக இருந்தால்தான் தாளில் அவை செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். சம சாய்வு உள்ள இணைகோடுகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, எந்த அளவுத்திட்டத்திலும் அவை இணையாகவே தெரியும்.