சார்ட் பேப்பரில் சரியான அளவில் கூம்பு செய்வது எப்படி?

பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், அடி ஆரம் 6 செ.மீ., உயரம் 8 செ.மீ. உள்ள கூம்பு ஒன்றைச் செய்து பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தாளைச் சுருட்டி ஒட்டினால் ஏதோ ஒரு கூம்பு வரும், கேட்ட அளவில் வராது. இரண்டு சார்ட் வீணான பிறகு எங்களுக்குப் பிடிபட்ட வழி இது.

முதலில் சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து அடி விளிம்பு வரை சரிவாக இறங்கும் நீளம். 6-இன் வர்க்கம் 36, 8-இன் வர்க்கம் 64, கூட்டினால் 100. அதன் வர்க்கமூலம் 10. ஆக, சாயுயரம் 10 செ.மீ.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த இடத்தில்தான். உயரம் 8 என்பதால் தாளில் 8 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டேன். ஒட்டி நிறுத்தினால் கூம்பு 5.3 செ.மீ. உயரம்தான் இருந்தது. காரணம் எளிது. கூம்பை ஒரு பக்கமாக வெட்டி விரித்துப் பாருங்கள்: உச்சியிலிருந்து விளிம்பு வரை தாளின் மேலேயே ஓடும் கோடுதான் வட்டத்தின் ஆரமாகிறது. அது சாயுயரம். உயரமோ கூம்புக்குள் வெற்றிடத்தில் நிற்கிறது, தாளில் அதற்கு இடமே இல்லை. எனவே 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரையுங்கள்.

ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை அவ்வளவு அகலமாக விரித்தால் கால் தளர்ந்து ஆடும். நூல் கட்டி வரைவதும் எனக்குப் பிடிக்காது, இழுக்க இழுக்க நீளும். ஒரு அட்டைத் துண்டில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்றில் குண்டூசி, இன்னொன்றில் பென்சில். இதைவிட நல்ல கருவி வேண்டாம்.

அப்புறம் கோணம். வட்டத்திலிருந்து கூம்புக்காக வெட்டியெடுக்கும் விசிறி வடிவத் துண்டுதான் வட்டக்கோணப் பகுதி. கூம்பின் அடிச்சுற்றளவும் அந்தப் பகுதியின் வில்லின் (வளைந்த விளிம்பின்) நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு 360-ஐ அடி ஆரத்தால் பெருக்கிச் சாயுயரத்தால் வகுக்க வேண்டும்: 360 × 6 ÷ 10 = 216 பாகை. கோணமானியில் 180 வரைதானே இருக்கிறது? 216-ஐ அளக்கப் போராடாதீர்கள். வெட்டி எறிய வேண்டிய 144 பாகையை அளந்து குறியுங்கள், மிச்சம் தானாக 216.

வெட்டும்போது ஒரு கோட்டை ஒட்டி, எறியும் பகுதியிலிருந்தே 1 செ.மீ. பட்டை விட்டு வெட்டுங்கள். பசை அதில்தான். ஒட்டுவதற்கு முன் தாளை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தால் வளைவு கொடுக்கும், மடிப்பு விழாது. குண்டூசி போட்ட ஓட்டை உச்சியில் வரும். வெளியே சின்னதாக செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள்.

சரி பார்க்க, அதே ஆரத்திலும் உயரத்திலும் ஒரு உருளை செய்யுங்கள்: 37.7 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம், ஒட்ட 1 செ.மீ. கூடுதல், அடியில் ஒரு வட்டம். கூம்பில் ரவையை நிரப்பி, ஸ்கேலால் மட்டமாக வழித்து, உருளையில் கொட்டுங்கள். மூன்றாவது முறை கொட்டியதும் ரவை விளிம்போடு வந்து நின்றதைப் பார்த்து மகள் கைதட்டினாள். கன அளவுச் சூத்திரத்தில் மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவர், மூன்று முறை கொட்டியும் விளிம்புக்குக் கீழே 3 மி.மீ. குறைகிறதே என்று எழுதியிருந்தார். விசாரித்தால், பட்டை விடாமல் சரியாக 216 பாகைக்கே வெட்டி, விளிம்பில் 1 செ.மீ. அளவுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டியிருக்கிறார். அடிச்சுற்றளவு 36.7 ஆகிவிட்டது, ஆரம் 5.84. உயரம் 8.1 ஆகக் கொஞ்சம் கூடினாலும், ஆரம் வர்க்கத்தில் வருவதால் கன அளவு 302 கன செ.மீ.யிலிருந்து 290-க்கு இறங்கிவிட்டது. பட்டை விட்டு மறுபடி செய்தபோது அவருக்கும் சரியாக வந்தது.