நடுவில் மட்டும் காணாமல் போன பேஸ்

போன பங்குனியில் ஒரு கோவில் கச்சேரிக்கு சவுண்ட் செட் போட்டோம். மேடைக்கு இருபுறமும் தலா ஒரு 18 இன்ச் சப் (பேஸ், அதாவது அடி ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி). பெட்டி பக்கத்தில் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. நடுவில், மிக்ஸர் இருக்கும் இடத்தில், கிக் டிரம் தகர டப்பா மாதிரி கேட்கிறது. ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) அடி ஒலியான 60 ஹெர்ட்ஸை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் அளவு மீறியதைக் காட்டும் கிளிப் விளக்கு எரிந்ததுதான் மிச்சம்.

எரிச்சலில் வலது சப்பை மியூட் செய்தேன். நடுவில் பேஸ் கூடியது! ஒரு சப்பின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) முன்னே தள்ளும்போது மற்றதன் கூம்பு பின்னே இழுக்கிறது, நடுவில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, அதான் விஷயம். கேபிள்களை ஆம்பிலிருந்து கழற்றி, முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன், ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ். இடது கூம்பு வெளியே வந்தது, வலது உள்ளே போனது. முந்தின வாரம் ஸ்பீக்கான் பிளக் (ஸ்பீக்கர் கேபிளின் முனை) மாற்றியபோது 1 ப்ளஸ், 1 மைனஸ் ஒயர்களை இடம் மாற்றி முறுக்கியிருக்கிறேன். (பையனைத் திட்ட வாயெடுத்தேன், மாற்றியது நான்தான்.)

ஸ்க்ரூடிரைவர், இரண்டு நிமிடம். ஈக்யூவை இறக்கினேன். 35 மீட்டர் பின்னால் நின்ற பெட்டிகளுக்கு மேடை ஒலி அங்கே வந்து சேரும் நேரத்தோடு ஒத்துப்போக சுமார் 100 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.