வேலூர்ச் சந்துகளில் வண்டியை நிறுத்துவது எப்படி

காட்பாடி ஜங்ஷனில் நோயாளிகளை ஏற்றி, வேலூர் காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கத்து விடுதிகளில் இறக்கிவிடுவது என் தொழில். இருபத்தாறு வருடங்களாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். அம்பாசடரில் தொடங்கி இப்போது எர்டிகாவில் நிற்கிறேன். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பார்த்ததும் "என் வண்டி நுழையுமா?" என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். "நான் போன பிறகு மற்றவர் வண்டி வெளியே வருமா?" என்ற கணக்கையும் அதே நேரத்தில் போட வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது கணக்குக்காகத்தான்.

இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்த, உங்கள் வண்டியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இடம் வேண்டும். எர்டிகா நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஆறரை மீட்டர், என் நடையில் ஒன்பது தப்படி. சந்தேகமாக இருந்தால் இறங்கி அளந்துவிடுவேன். அரை நிமிடம்கூட ஆகாது.

முன்னால் நிற்கும் காருக்குப் பக்கத்தில், ஒரு கை நீளம் விட்டு, பின்பக்கங்கள் இரண்டும் சமமாக வரும்படி நிறுத்துங்கள். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தபடி ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடியுங்கள். வலது கண்ணாடியில் பின்னால் நிற்கும் காரின் முகப்பு முழுதாகத் தெரியும்போது ஸ்டியரிங்கை நேராக்குங்கள். உங்கள் முன் பம்பர் முன்வண்டியைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுதாக ஒடியுங்கள். வண்டி தானாக ஓரத்தோடு ஒட்டி நேராகும். முகப்பை முதலில் நுழைத்துப் பிறகு வாலைத் திருத்தப் பார்ப்பவர்கள்தான் பாதித் தெருவில் குறுக்கே நிற்கிறார்கள்.

பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று சொல்லும் நண்பர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் தலை மறைந்தால் உடனே பிரேக் போடுங்கள். வண்டிக்கு நேர் பின்னால் நின்று டிக்கியைத் தட்டிக்கொண்டே வரும் பழக்கத்தை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை.

சாக்கடையை மூடியிருக்கும் பலகைக்கல்லின் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள். ஓரமாக நிற்கிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் ஏற்றுகிறார்கள். கல் உடைந்தால் சக்கரம் உள்ளே போய்விடும். நமக்குப் பின்னால் நடந்து வருபவருக்கும் அங்கே குழி காத்திருக்கும்.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு, கத்திரி வெயிலில் லாங் பஜார் பக்கம் போகிறவர்களுக்கு முக்கியமாக, ஒன்று சொல்ல வேண்டும். மதியத்தில் தார் இளகிவிடுகிறது. சைடு ஸ்டாண்டின் நுனி ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். வண்டியின் எடையில் ஒரு பெரும் பங்கு அந்த நுனியில் இறங்கும்போது, கறுப்பு வெல்லத்தில் விரல் அழுந்துவதுபோல் அது தாருக்குள் போகும். நான் டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஒரு மொபெட் கண்ணுக்கே தெரியாதபடி மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டே வந்து, அடுத்த வண்டியைத் தொட்டு, அது அதற்கடுத்ததைத் தொட்டு, ஐந்து வண்டிகள் வரிசையாகப் படுத்தன. கடைசி வண்டியில் தொங்கிய பையிலிருந்த தக்காளி தெரு முழுவதும் உருண்டது. வெயில் காலத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அது இல்லாத வண்டியென்றால் ஒரு தட்டையான ஓட்டுச் சில்லையோ டப்பா மூடியையோ ஸ்டாண்டின் அடியில் வையுங்கள். நெரிசலான வரிசையில் ஹாண்டில் லாக் போட்டால் பக்கத்து வண்டி வெளியே வர முடியுமா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

சரிவில் நிறுத்துவது தனிப் பாடம். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள். நிறுத்த இடமுள்ள சரிவில் ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏற்றம் பார்த்த வண்டியை முதல் கியரிலும், இறக்கம் பார்த்த வண்டியை ரிவர்ஸ் கியரிலும் விடுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். நடு ரோட்டில் விட்டுப்போன கல்லில் இரவில் மோட்டார் சைக்கிள் ஏறும்.

இனி சந்து முனை. இதில் எனக்குப் பொறுமை கிடையாது. பழைய வட ஆற்காடு முழுவதும் வைத்தியத்துக்கு இங்கேதான் வருகிறது: 23, 25, 73, 83 என்று எல்லா நம்பர் பிளேட்டும் காணக் கிடைக்கும். போதாததற்கு ஆந்திரா, வங்காளம், அசாம். 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி வருகிறவர்கள் அவர்கள். இந்தச் சந்துகளில் எந்த வீட்டுக்குள் நோயாளி படுத்திருக்கிறார் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, பதினொன்றரை மணி. விடுதிக் காவலாளி போன் செய்தார். "அண்ணே, அசாம்காரப் பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது, சீக்கிரம் வாருங்கள்." போனேன். சந்தின் வாயில் ஒரு வெள்ளைக் கார். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டில் ஒரு சிறிய பிள்ளையார், பக்கத்தில் அலாரத்தின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. பெயர் இல்லை, போன் எண் இல்லை. ஹாரன் அடித்ததில் மூன்று மாடிகளில் விளக்கு எரிந்தது. காருக்கு உரியவர் மட்டும் வரவில்லை. பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காவலாளியும் பெரியவரின் மகனும் நானுமாகத் தூக்கி, அந்தக் காருக்கும் சுவருக்கும் இடையே பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தோம். அவர் வேட்டி கண்ணாடியில் மாட்டிக் கிழிந்தது. "தாதா, மெதுவாக" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன். பிழைத்துவிட்டார். இருந்தும் அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ ஏற்படும்படி பொது இடத்தில் வண்டியை விடுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு தடுக்கிறது. அபராதத்துக்குப் பயந்தாவது சந்து முனையை விட்டுவிடுங்கள்.

உங்கள் வழியை யாராவது அடைத்திருந்தால் டயரின் காற்றைப் பிடுங்காதீர்கள். கோபம் எனக்கும் வரும். ஆனால் காற்றுப் போன வண்டியை அவரே வந்தாலும் நகர்த்த முடியாது, நீங்களும் அங்கேயே நிற்பீர்கள். எதிர்க் கடைக்காரரைக் கேளுங்கள். யாருடைய வண்டி என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியும்.

நான் எங்கே நிறுத்தினாலும் போன் எண் எழுதிய தாளை முன்கண்ணாடிக்கு உள்ளே, வெளியே நிற்பவர் படிக்கும்படி வைக்கிறேன். எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். பேனா மை வேலூர் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். பென்சிலால் அழுத்தி எழுதினால் அப்படியே நிற்கும்.